ஒழுங்கை முழுக்க வெள்ளைத் துணி

கெலிஓயாவிலிருந்து உள்ளே மேடேறிப் போகும் பாதையில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் கிழமையே என் மகன் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். ஆள் என்றால் ஆளில்லை, கிணற்றடித் தண்ணீர் மோட்டார். காலையில் நான் சுவிட்சைப் போட்டதும் அது ஒருமுறை தும்மிவிட்டு உறுமத் தொடங்கும். இவன் ஓடிப்போய் அதன் முன்னால் குந்தியிருந்து, தான் கண்ட கனவு, தங்கச்சி துப்பிய சோறு, கூரையில் ஓடிய மரநாய் எல்லாவற்றையும் தொண்டை கிழியச் சொல்லுவான். மோட்டார் நின்றால் அவனும் நிறுத்திவிடுவான். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் சிரித்தார். சில கிழமைகள் போன பிறகு இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு ஐந்து வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. கண்டியில் நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில். அலுமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், கட்டிலில் படுத்தபடியே குசினியில் பால் பொங்குவதைப் பார்க்கலாம், அப்படி ஒரு இடம். ஆனால் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். பின்னேரமானால் படியிறங்கினால் போதும், யாராவது ஒருவன் பந்தோடு நிற்பான். சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, எங்கள் பிள்ளை எல்லாம் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். சண்டை வந்தால் எந்த மொழி வாய்க்கு வருகிறதோ அந்த மொழியில் திட்டிக்கொள்வார்கள். இருட்டிய பிறகு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் அவனை மேலே கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் முற்றாகி, அனெக்ஸ் அவர்களுக்கே தேவைப்பட்டது. கணவருக்குப் பேராதனையில் ஆய்வுகூட உத்தியோகம். நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், மகள் பிறந்தபின் சம்பளமில்லாத லீவில் நின்றேன். இன்னொரு அனெக்ஸ் தேடுவோம் என்றேன் நான். அவர் காணியோடு வீடு தேடினார். பிள்ளைகள் மண்ணில் கால் வைத்து வளரவேண்டும் என்று ஒரு பிரசங்கமே வைத்தார். பிள்ளைகள் மண்ணில் கால் வைத்தது உண்மைதான். வைத்த இடமெல்லாம் அட்டை கடித்தது.

இடம் அழகான இடம், அதைக் குறை சொன்னால் பாவம். குசினி யன்னலைத் திறந்தால் கீழே வயல், அதற்கப்பால் மலை, காலை ஒன்பது மணி வரைக்கும் மலையின் பாதியில் பனிப்புகார். காணியில் பலா, கமுகு, கிளிசரிடியா மரங்களில் படர்ந்த மிளகு. கணவர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மிளகுக் கொடியைத் தடவிப் பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது.

யாழ்ப்பாணத்து ஆளிடம் ஒரு துண்டுக் காணியைக் கொடுத்தால் முதலில் கிணறு வெட்டுவாரா, வீடு கட்டுவாரா என்று கேட்டால், இரண்டும் இல்லை, வேலி அடைப்பார். நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்களுக்கு நியாயமான காரணமும் இருந்தது. வீட்டின் பின்பக்கம் மண்மேடு செங்குத்தாக இறங்கி, கீழ்வீட்டு முற்றத்தில் போய் முடியும். மகள் அப்போதுதான் நடக்கப் பழகி, நடப்பதை விட்டுவிட்டு நேரே ஓடத் தொடங்கியிருந்தாள். ஆகவே பின்பக்கம் முழுவதும் கம்பிவலை, முன்பக்கம் ரோட்டிலிருந்து வரும் சின்ன ஒழுங்கையின் முடிவில் இரும்புக் கேற், கேற்றுக்குச் சங்கிலி. ஊரிலே மற்றக் காணிகளுக்கு எல்லை என்று ஒரு தேயிலைச் செடியோ, செம்பருத்தியோ நிற்கும், அவ்வளவுதான். எங்கள் வளவு மட்டும் கச்சிதமாக அடைபட்டு நின்றது. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அயலில் ஆட்கள் இல்லாமல் இல்லை. மேலே சிங்கள வீடுகள், கீழே முஸ்லிம் வீடுகள். பின்மேட்டின் கீழே இருந்த வீட்டுப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள். கணவர் கெலிஓயாவில் சில்லறைக் கடை வைத்திருந்தார். ரோட்டில் கண்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் டீச்சர் என்று எப்படியோ அறிந்து, "டீச்சர் எங்க போற?" என்று கேட்பார்கள். கந்தசஷ்டி முடிந்து நான் அனுப்பிய மோதகத்துக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம் கேற்றில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அவ்வளவுதான். வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. கேற்றுக்கு வெளியே எல்லாம் மரியாதையாக நடந்தது, உள்ளே மட்டும் எவரும் வரவில்லை.

அவன் கேற்றடியில் நிற்கப் பழகினான். தை மாதம்தான் முதலாம் வகுப்பு, அதற்கு முன் நேசரியில் சேர்க்கக் கேட்டபோது இடமில்லை என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டால் மேலே ஏறும் நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, சாப்பிடுகிற கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "விளையாட வாறியளோ?" என்று கத்துவான். கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவனுடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு ஆளையாள் இடித்துச் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஒருநாள் வந்து மிகவும் பொறுப்பாக எனக்குச் சொன்னான்: அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது போல, பாவம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு குசினிக்குள் போனபோது அடக்கியது சிரிப்புத்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பிள்ளை மெல்ல மெல்ல மாறத் தொடங்கினான். வாயாடி என்று பெயரெடுத்தவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். சாப்பாட்டு மேசைக் கதிரைகளை முற்றத்துக்கு இழுத்துப்போய் வட்டமாக வைத்து, நடுவில் தான் மட்டும் இருப்பான். கூப்பிட்டால், ஆட்கள் வந்திருக்கினம், இப்போது வர ஏலாது என்பான். ஒருநாள் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது, "எப்ப வீட்டை போறது?" என்று கேட்டான். இதுதான் வீடு என்றேன். "இல்லை, எங்கட வீட்டை," என்றான்.

அன்று பின்னேரம் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டேன். தை மாதம் வரைக்கும் பார்ப்பேன், பிள்ளை இப்படியே இருந்தால் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு கண்டிக்கே போய்விடுவேன், நீங்கள் உங்கள் மிளகுக் கொடியோடு குடும்பம் நடத்துங்கள் என்றேன். வெருட்டுவதற்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். பழைய வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்து, பக்கத்தில் வேறு இடம் இருக்கிறதா என்றும் விசாரித்து வைத்திருந்தேன். அவர் மகனை முன்னால் ஏற்றிக்கொண்டு கெலிஓயாவுக்குப் பாண் வாங்கப் போனார்.

அந்தப் பயணத்தில்தான் அது நடந்திருக்கிறது. போகிற வழியில் ஒரு ஒழுங்கை முகப்பிலிருந்து உள்ளே வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மரணவீடு. கூடாரம், வரிசையாகக் கதிரைகள், போகிறவர் வருகிறவர், தேத்தண்ணித் தட்டோடு திரிகிற பெடியன்கள், முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடுகிற சின்னதுகள். இது என்னத்துக்கு அப்பா என்று மகன் கேட்டிருக்கிறான். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் சாவு என்ற சொல்லை எடுப்பதில்லை. ஆள் இறந்தால் "தூரத்துக்குப் போயிட்டார்" என்போம், செத்தவீட்டுக்குப் போனால் "ஒரு அலுவலாய்ப் போறம்" என்போம். கணவரும் அந்த வழக்கப்படி, அந்த வீட்டுக்கு ஆட்கள் வருவதற்கு வழி காட்டக் கட்டியது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த கிழமை மகளுக்குக் காய்ச்சல். பின்னேரம் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, கண் செருகத் தொடங்கியதும், சந்தியில் நின்ற த்ரீவீலரைப் பிடித்துக்கொண்டு பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கணவர் மகனோடு வீட்டில் நின்றார். வழியெல்லாம் நான் அழுததும், பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததும் த்ரீவீலர்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, காய்ச்சல் இறங்கிய பிறகு வீட்டுக்கு விட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தது ஒரு மத்தியானம், கணவரோடு வேலை செய்கிற ஒருவரின் காரில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு. கொட்டுகிற மழையில் ரோட்டில் ஒரு குருவி இல்லை. போனதை ஊரே பார்த்தது, வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

வந்ததற்கு அடுத்த நாள், சனிக்கிழமை காலை. கணவருக்கு அன்று அரைநாள் வேலை. நான் நாலு நாள் சேர்ந்த நப்கின்களைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். எல்லாம் வெள்ளைப் பருத்தித் துணி, எங்கள் அம்மா வீட்டிலிருந்து அனுப்பியவை. நல்ல வெயில், பதினொரு மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. மகளை நித்திரையாக்கப் பக்கத்தில் சரிந்தவள், ஆஸ்பத்திரியில் விழித்த விழிப்பெல்லாம் சேர்ந்து அப்படியே நித்திரையாகிவிட்டேன். மகன் முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த சத்தம்தான் கடைசியாகக் கேட்டது.

லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று பெட்டியோடு மேடேறுகிற சத்தத்தில் கண் விழித்தேன். என்னவென்று எழும்புவதற்குள், முன்கதவால் ஒரு பெண் ஓடிவந்தாள். கீழ்வீட்டுப் பெண். காலில் செருப்பில்லை, தலைமுக்காடு தோளில் விழுந்து கிடந்தது, முகம் முழுக்கக் கண்ணீர். என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கட்டிலில் கிடந்த என் மகளைப் பார்த்தாள். குனிந்து பிள்ளையை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நித்திரை குழம்பிய மகள் வீரிட்டுக் கத்தினாள். அந்தப் பெண்ணும் கூடவே கத்தி அழுதாள்.

இவளுக்கு ஏதோ மூளை பிசகிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. "என்ர பிள்ளையைத் தாங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. நான் இந்தப் பக்கம் இழுக்க அவள் அந்தப் பக்கம் இழுக்க, நடுவில் பிள்ளை இரண்டு பேரையும் உதைத்தாள். அந்த உதை பட்ட பிறகுதான் அவள் சிரித்தாள். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"புள்ளக்கி ஒண்டுமில்லையா டீச்சர்? கொடியப் பாத்து நான் ஓடி வந்த. கிட்ட வந்து பாத்தா புள்ளட துணி."

எந்தக் கொடி, எந்தத் துணி என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

கேற் ஆவென்று திறந்து கிடந்தது. சங்கிலிக்குக் கீழே பெயின்ட் வாளி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. கேற்றிலிருந்து ரோட்டு வரைக்கும், எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும், கிளிசரிடியாக் கொப்புகளில் என் மகளின் வெள்ளை நப்கின்கள் துணிக்கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. இடைவெளிகூடச் சரியாக இருந்தது. ஒழுங்கை நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் சிங்களப் பெண்கள், தொப்பி போட்ட முஸ்லிம் ஆண்கள், கையில் சீனிப் பையும் தேயிலைப் பைக்கற்றும் வைத்திருந்த ஒரு கிழவி. லேண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து இரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறதாம், சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்துவது. நாங்கள் அதில் சேரவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சேராத வீட்டுக்கும் கதிரை வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தோளில் குழந்தையோடு என்னைக் கண்டதும் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கதிரை இறக்கியவரின் கையில் கதிரை அந்தரத்தில் நின்றது. என் மகள் மூக்கைச் சிந்தி என் சட்டையில் துடைத்தாள். கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு எல்லோருடைய கண்ணும் என்னைத் தாண்டி வீட்டுக்குள்ளே போனது. குழந்தை இல்லையென்றால் வேறு யார் என்று தேடுகிற பார்வை. சங்கத்துப் பெரியவர், வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு சிங்களவர், முன்னால் வந்து தாழ்ந்த குரலில் மாத்தயா எங்கே என்று என் கணவரைப் பற்றிக் கேட்டார். வேலைக்குப் போய்விட்டார் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, தலையை மெல்ல ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து மாத்தயா வந்தார். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முகப்பில் திரும்பிய சத்தம் கேட்டது, பிறகு அது சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. கொடி கட்டிய ஒழுங்கையால், ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடிவந்தார். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். என்னைக் கண்டார், மகளைக் கண்டார். "தம்பி எங்கை?" என்று மகனைத் தேடிக் கேட்டார். அந்த முகத்தை நான் இனி ஒருதரம் பார்க்கக் கூடாது.

தம்பி ரோட்டடியில் ஆட்களுக்கு நடுவில் நின்றான், ஓடிவந்த அவசரத்தில் அவர் கண்ணில் படவில்லை. கையில் கடைசி நப்கின், வாயில் ஒரு கிளிப். ரோட்டில் வருகிறவர்களுக்குக் கையை நீட்டி, இதால வாங்கோ, இதால வாங்கோ என்று வழி காட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் போகிறபோது அவன் தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று விளங்காத பிள்ளை, பாவம் என்று ஒருவர்கூட அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கணவர் போய் அவனைத் தூக்கி வந்தார். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குடிவந்த நாளிலிருந்து அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஊரைக் கூட்டி அவமானப்பட்டது ஒரு பக்கம். ஆஸ்பத்திரியால் வந்த பிள்ளையின் துணியை இழவுக் கொடியாகக் கட்டிவிட்டானே என்ற பயம் இன்னொரு பக்கம். கையை ஓங்கிவிட்டேன். கீழ்வீட்டுப் பெண் இடையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா உப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"கொடி கட்டினா ஆக்கள் வருவினம் எண்டு அப்பாதானே சொன்னவர்."

"உனக்கு ஆர் வரவேணும்?"

அவன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். யாராவது ஒருவரின் பெயரைச் சொல்ல முயன்றதுபோல இருந்தது, ஆனால் ஒருவருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது.

"ஆராவது," என்றான்.

ஓங்கிய கை தானாகக் கீழே வந்தது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கீழ்வீட்டுப் பெண், பின்னால் நின்றவர்களுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னாள். நான் தடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கோபிப்பார்கள் என்றும் நினைத்தேன், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் அல்லவா? வயலில் நின்றவர் சேற்றுக் காலோடு நின்றார். ஒருவரும் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். என் கணவர் ஒவ்வொருவராகப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட மோசம், அந்த நேரத்தில் இன்னும் மோசமாகியிருந்தது.

சங்கத்துப் பெரியவர் அவரைக் கையமர்த்தினார். பிறகு கதிரையைத் திருப்பி ஏற்றப் போனவர்களைப் பார்த்து, இறக்கிய கதிரையில் ஆள் உட்காராமல் திருப்பி ஏற்றுவது சங்கத்தில் வழக்கமில்லை என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கதிரைகள் என் முற்றத்தில் வரிசையாக விரிந்தன, வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தேயிலையும் சீனியும் கொண்டுவந்த கிழவி நேரே என் குசினிக்குள் போய்க் கேத்திலைத் தேடினாள்.

பிளேன்ரீ போட்டுப் போட்டு என் கை சோர்ந்துவிட்டது. கோப்பை போதாமல், கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கல்யாணப் பரிசுக் கோப்பைகள் எல்லாம் வெளியே வந்தன. கீழ்வீட்டுப் பெண் கழுவித் தந்தாள். நானும் அவளும் சிங்க் அருகே நின்றபோதுதான், இவ்வளவு நாளும் ஏன் ஒருதரம்கூட வரவில்லை என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் குற்றச்சாட்டுத்தான் இருந்தது.

"நாங்க குசினிப் பக்கத்தால வார ஆக்கள் டீச்சர். நீங்க பின்னுக்குக் கம்பி அடிச்சிட்டீங்க. முன்பக்கத்தால நாங்க போற கலியாணத்துக்கும் மவுத்துக்கும் தான்."

கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் முன்வாசல் என்பதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னாள். நாங்கள் ஒதுங்கி இருக்க விரும்புகிற பெரிய ஆட்கள் என்று நினைத்து, அந்த விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் ஊர் தள்ளி நின்றிருக்கிறது. நாங்கள் கேற்றுக்குள்ளே இருந்துகொண்டு, ஒருவரும் எங்களை மதிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அவள் முகத்தை நேரே பார்க்கவும் முடியவில்லை. இன்னொரு கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

பெரியவர்களோடு வந்த பிள்ளைகள் முதலில் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செத்தவீடு இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் கையை விட்டன. யார் தொடங்கினார்களோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் கதிரை வரிசைகளுக்கு நடுவே ஓட்டம் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுப் பெடியன் என் மகனிடம், நீ ஏன் இப்படி விசித்திரமாகப் பேசுகிறாய் என்று கேட்டான். நீ தான் விசித்திரமாகப் பேசுகிறாய் என்றான் இவன். அதில் ஒரு சண்டை வந்து, அந்தச் சண்டையிலேயே இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். நப்கின்களை எல்லாப் பிள்ளைகளும் ஓடி ஓடிக் கழற்றினார்கள், யார் கூடக் கழற்றுவது என்று போட்டி. ஒன்றிரண்டு கிழிந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் யாரிடமோ குறடு வாங்கிக்கொண்டு கம்பிவலையை வெட்டப் பின்பக்கம் போனார். கீழ்வீட்டுக்காரரும் கூடப் போனார். மேட்டில் படி வெட்டினால் சறுக்காது, பிள்ளை இறங்காதபடி சின்னதாய் ஒரு படலை போட்டால் போதும் என்று அவர் விளங்கப்படுத்துவது குசினிக்குக் கேட்டது. மூன்று மணியளவில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு லேண்ட்மாஸ்டர் இறங்கிப் போனது.

அன்று பின்னேரம் மகனைக் குளிப்பாட்டினேன். தலையெல்லாம் மண், முழங்காலில் புதுக் காயம். அவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனாலும் இதை இப்படியே விட முடியாது. நாளைக்கு வேறு ஏதாவது ஒன்றைக் கட்டிவிடுவான். ஆகவே, எங்கள் வீட்டில் ஒருவரும் பிள்ளைக்குச் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு வீட்டில் ஆள் செத்தால்தான் அப்படி வெள்ளைக் கொடி கட்டுவது, அதனால்தான் எல்லோரும் வந்தார்கள் என்றேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அதுக்குத்தான் கீழ்வீட்டு மாமி அழுதவவோ?"

"ஓம். தங்கச்சி செத்துப்போட்டா எண்டு நினைச்சு."

"அவவுக்குத் தங்கச்சியைத் தெரியாதே."

"தெரியாதுதான்," என்றேன்.

சவர்க்கார நுரை கண்ணில் வழிய, அவன் யோசித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப எனக்கெண்டாலும் அழுதிருப்பாவோ?"

வேறு நாளாக இருந்தால், இதென்ன கேள்வி, நாவடக்கு என்று வாயில் ஒன்று போட்டிருப்பேன். வாளித் தண்ணீரை அள்ளி அவன் தலையில் ஊற்றினேன்.

"ஓம். அழுதிருப்பா."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு, பசிக்குது என்று கத்தியபடி உள்ளே ஓடினான். நான் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் இருந்து நன்றாக அழுதேன்.